கடைக்குச் சுழி பார்க்க வந்த மாமன்

வா மருமகனே, வந்து திண்ணையில உக்காரு. நீ கடையை விக்கப் போறது பரம ரகசியமாமே! சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துறவர் சொன்னாரு. பால் ஊத்துற பையன் சொன்னான். நேத்து மினி பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே, "என்ன பெரியவரே, உங்க மருமகன் நாட்டு மருந்துக்கடை 40 லட்சமாமே"ன்னு கேக்கான். எனக்குத் தர வேண்டிய சில்லறை பாக்கியை மறந்துட்டான், உன் விலையை மறக்கல. எனக்கு மட்டுந்தான் நீ இன்னும் வாயத் திறக்கல. ரகசியத்தைக் காப்பாத்துறதுன்னா இப்படித்தான் காப்பாத்தணும்.

மாப்பிள்ளைன்னு ஆனப்புறம் உன்னை 'வாங்க, போங்க'ன்னுதான் பேசணும். எம் மகளும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கா. ஆனா எங்க அக்கா இடுப்புல நீ மூக்கு ஒழுக வந்த காலத்துல இருந்து பேசின வாய் இது, திருந்த மாட்டேங்கு. பொறுத்துக்கோ.

ஊரெல்லாம் சொல்லி என்னாச்சு? உங்க அப்பா காலத்துல இருந்து ஒரு மாசத் தவணையில சரக்கு போட்ட மதுரை மொத்தக் கடைக்காரர், இப்போ "பணத்தை வச்சுட்டு மூட்டையை எடு"ங்காரு. விக்கப் போற கடைக்கு எதுக்குக் கொள்முதல்னு நீயும் கையைக் கட்டிட்டே. சித்தரத்தை கேட்டா தீந்து போச்சு. அதிமதுரம் கேட்டா நாளைக்கு வாங்க. வந்த ஆளு நாளைக்கும் வருவான்னு யாரு சொன்னா? அவன் பக்கத்துத் தெருக் கடையில வாங்கிட்டு அங்கேயே பழகிருவான். நான் கழுகுமலைச் சந்தையில மாட்டுத் தரகு பாத்தவன். விக்கப் போற காளைக்குத்தான் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கூட ஒரு படி போடுவோம். நீ என்னடான்னா விக்கணும்னு முடிவு பண்ண அன்னைக்கே தொட்டியைக் கவுத்துட்டே. புத்திசாலி. மிச்சமாகுற பிண்ணாக்கை நீயே தின்னுக்கலாம்.

சரி, அந்தக் காயிதத்தைக் காட்டு. கம்ப்யூட்டர்ல அடிச்சுட்டு வந்திருக்கே, பாக்க அழகா இருக்கு. பேருக்கு 20 லட்சம். சரக்கு 12. அலமாரி, மேசை, தராசு வகையறா 4. வெளியே நிக்கிற பாக்கி 4. ஆகமொத்தம் 40. கூட்டல் சரியா இருக்கு. உன்னை பி.காம். படிக்க வச்சது வீண் போகல.

அந்த 20 லட்சத்துப் பேர் எதுன்னு முதல்ல சொல்லு. எங்க அத்தான் தகரத்துல மஞ்சப் பெயிண்டுல எழுதி மாட்டினாரே, அந்தப் பேரா? அதைத்தான் போன மாசம் கழட்டி மாடிப்படிக்கு அடியில சாத்தி வச்சுட்டியே. இப்போ மாட்டியிருக்கிறது ஏதோ இங்கிலீஷ் பேரு, ராத்திரியானா பச்சை லைட்டுல மின்னுது. பக்கத்தூருக் கிழவி ஒருத்தி அதைப் பாத்துட்டு செல்போன் கடைன்னு தாண்டிப் போயிட்டாளாம். கொம்பைச் சீவி எண்ணெய் தடவலாம், அது சந்தை வழக்கம். மாட்டையே மாத்திக் கட்டிட்டு பழைய மாட்டுக்கு விலை கேக்கப்படாது மருமகனே.

பேர்னு நீ எதைச் சொல்லுதியோ, அதை நான் கண்ணால பாத்தேன். போன வெள்ளிக்கிழமை கடை மூலையில உக்காந்திருந்தேன்லா, மாமன் தூங்குதாருன்னு உனக்கு நெனப்பு. ஒரு பொம்பளை வந்தா. "மகளுக்கு ஆம்பளைப் பிள்ளை, அஞ்சு நாளாச்சு, பேறுகாலக் காயத்துக்குச் சாமான் கட்டுங்க"ன்னா. நீ உடனே செல்போனை எடுத்து என்னமோ தேட ஆரம்பிச்சே. அதுக்குள்ள உங்க கடைப் பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "சுகப்பிரசவமா, ஆபரேசனா?" ஆபரேசன்னதும், எடுக்கப் போன ரெண்டு பெட்டியை அப்படியே உள்ள தள்ளிட்டாரு. "இதை மட்டும் டாக்டரம்மாட்ட கேட்டுட்டு அப்புறமா வாங்கிக்கோ தாயி"ன்னாரு. மத்ததுக்கு அவரு கை தானாப் போகுது. 'கஸ்தூரி மஞ்சள்'னு எழுதின பெட்டியை இழுத்து கண்டந்திப்பிலியை எடுக்காரு. 'ஓமம்'னு எழுதின பெட்டியில சதகுப்பை இருக்கு. ஓமம் எங்கே இருக்குன்னா, எழுத்தே அழிஞ்சுபோன ஒரு பெட்டியில. எழுத்து ஒண்ணு, சரக்கு ஒண்ணு. நூலைப் பல்லுல கடிச்சு அறுத்து பொட்டலத்தைக் கட்டி நீட்டினாரு. அந்தப் பொம்பளை விலையே கேக்கல. சொன்ன ரூபாயைச் செல்போன்ல அனுப்பினா. பணம் வந்ததைக்கூட மேசையில இருக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான் சத்தமாச் சொல்லிச்சு. இதுல உனக்கு என்ன வேலைன்னு நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஃபேன் போட்டே. அதைச் சொல்லணும்.

ஆக, நீ 20 லட்சம்னு விலை போட்ட சாமான் தினமும் ராத்திரி 9 மணிக்கு சைக்கிள்ல ஏறி வீட்டுக்குப் போயிருது. அதுக்கு நீ மாசம் 14,000 ரூபாய் குடுக்கே. வாங்க வாரவன் விவரமான ஆளா இருந்தா, "பெரியவர் கூட இருப்பாரா?"ன்னுதான் முதல்ல கேப்பான். நீ அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினியா? உன் ரகசியம் தெரியாத ஒரே ஆளு அவருதான்னு நீ நெனச்சுக்கிட்டிருக்கே. நெனச்சுக்கோ.

செய்ய வேண்டியது ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்ல. கடையைச் சாத்தினப்புறம் அவரு பக்கத்துல உக்காந்து, எந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு புதுசா எழுதி ஒட்டு. எந்தச் சரக்கு யாருகிட்ட வாங்குறது, மழைக்காலத்துல எதை வெயில்ல காய வைக்கணும், தீபாவளி லேகியச் சாமானுக்கு எப்போ ஆர்டர் சொல்லணும், ஆடித் தவசுக் கூட்டத்துக்கு எது எவ்வளவு இருப்பு வைக்கணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல ஏத்து. புது ஆளுகிட்ட ஒரு வருசம் நிப்பேன்னு அவரு சம்மதிச்சா அதையும் எழுத்துல வாங்கு. விக்கிற பணத்துல அவருக்கும் ஒரு பங்கு குடு. முறைக்காதே. 20 லட்சத்துச் சாமானுக்குச் சம்பளம் போக நீ இதுவரைக்கும் போட்ட முதல், வருசத்துக்கு ஒரு வேட்டி, சட்டை.

அடுத்து, சரக்கு 12 லட்சம்ங்கே. ஏணி போட்டு மேல் வரிசையைத் திறந்து எவ்வளவு நாளாச்சு? நான் பெரியவரை விட்டுத் திறக்கச் சொன்னேன். அமுக்கராங்கிழங்குல வண்டு குடும்பம் நடத்தி, பேரன் பேத்தியும் எடுத்தாச்சு. பரண்ல அட்டை பிரிக்காத கபசுரக் குடிநீர்ப் பொடி, 2020ல வாங்கினது. அந்த வருசம் சனம் வரிசையில நின்னு வாங்கிச்சு, அரசாங்கமே வீதி வீதியாக் குடுத்துச்சு, வாஸ்தவம். நீ இந்த யோகம் வருசா வருசம் வரும்னு வாங்கி அடுக்கிட்டே. 15 மூலிகை சேர்ந்த மருந்து அது, இப்போ 16ஆவதா வண்டும் சேர்ந்திருக்கும். அந்தச் சரக்கையும் விலையில போட்டிருக்கே. அது போதாதுன்னு அந்த வருச விற்பனையைத் தனியாத் தாள்ல அடிச்சு, 'நம்ம வியாபாரம் பாருங்க'ன்னு வாரவங்ககிட்ட நீட்டுதியாமே. ஊரே வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு நின்ன வருசத்தைக் காட்டி விலை பேசினா, வாங்க வாரவன் அடுத்த தொத்து எப்போன்னு தேதி கேப்பான். கடைசி மூணு வருசத்தை மட்டும் எடுத்து வை.

சரக்குக்கு ஒரே வழிதான். நீயும் வாங்குறவனும் எதிரெதிர உக்காந்து, பெட்டி பெட்டியா நிறுத்து, அடக்க விலை போட்டு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒரு வருசமா அசையாத சரக்குக்கு விலை கிடையாது. நிறுக்கிற தராசுலயாவது கெடு தீராத முத்திரை இருக்கான்னு பாத்துக்கோ. அது மேல இருக்கிற தூசியில எனக்கு ஒண்ணும் தெரியல. எம் மனக்கணக்குல சரக்கு 6 லட்சத்துல நிக்கும். அலமாரிக்கு நீ 4 போட்டது எம் மகளுக்குப் பயந்து. அவ பொறந்த வீட்டு மேசையும் அதுல இருக்குல்லா.

ஆங், அந்த மான் கொம்பு! கல்லாவுக்குப் பின்னால எங்க அத்தான் மாட்டினது. அதைப் 'பழங்காலக் கலைப்பொருள்'னு எழுதி 25,000 ரூபாய் போட்டிருக்கே. 1972லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு மருமகனே. அதை விலைப் பட்டியல்ல வச்சா, கடையைப் பாக்க முதல்ல வாரவங்க காக்கிச் சட்டையில வருவாங்க. ஒரு வக்கீலைப் பாத்து, முறைப்படி வனத்துறைகிட்ட ஒப்படைக்க வழி கேளு. இன்னைக்கே கேளு.

வெளிய நிக்கிற பாக்கி 4 லட்சம். அந்த நோட்டையும் புரட்டினேன். பாளையங்கோட்டையில 1964ல சித்த மருத்துவக் கல்லூரி வந்துச்சு. அங்க படிச்சுட்டு வந்து சுத்துப்பட்டியில வைத்தியம் பாக்கவங்க பாக்கி கொஞ்சம் இருக்கு, அது வரும். மத்தவங்கள்ல பாதிப் பேருக்கு நான் நெய்ப்பந்தம் பாத்துட்டு வந்தாச்சு. அந்தப் பாக்கியை எமதர்மன்கிட்டதான் வசூல் பண்ணணும், அவன் ரசீது குடுக்க மாட்டான். இதை எவன் தலையிலயும் கட்ட நெனைக்காதே. வர்றதை நீயே வசூல் பண்ணிக்கோ.

இப்போ நெஞ்சைத் தேத்திக்கோ, கணக்குக்கு வாரேன். வருசத்துக்கு 45 லட்சம் வியாபாரம்னு வாங்க வாரவங்ககிட்ட சொல்லுதே. சர்க்காருக்கு 24 லட்சம்னு எழுதிக் குடுத்திருக்கே. எம் மககிட்ட 'வியாபாரமே இல்ல'ங்கே. ஒரே கடை, மூணு கணக்கு. இதுல எந்தக் கடையை விக்கே?

சரி, மறைச்சதுல என்ன மிச்சம்னு பாப்போம். ஜி.எஸ்.டி.யில நீ காம்போசிஷன். விற்பனையில 1 சதவீதம் கட்டினாப் போதும். மறைச்சது 21 லட்சம். அதுல 1 சதவீதம் 21,000 ரூபாய். வருமான வரிக்கு ஆடிட்டர் 8 சதவீதம் லாபம்னுதான் போடுதாரு. 45 லட்சத்துக்கும் அது 3,60,000தான். இப்போ புது முறையில 12 லட்சம் வரைக்கும் வரியே கட்ட வேண்டாம்ங்காங்க. அப்போ உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் அங்க உனக்கு நயா பைசா செலவில்ல. ஆக வருசத்துக்கு வெறும் 21,000 ரூபாய்க்காக, உன் கடையில பாதியை நீயே உன் கையால அழிச்சிருக்கே. வாங்க வாரவன் கையில காசு இருக்காது, பேங்குக்குத்தான் போவான். பேங்க் மேனேஜர் உன் வாய்ப்பேச்சுக்குக் கடன் குடுக்க மாட்டாரு, நீ எழுதின தாளைத்தான் பாப்பாரு. அதுல உன் கடை 24 லட்சத்துக் கடை. "அது சும்மா வரிக்கு எழுதினது சார், நிஜம் வேற"ன்னு சொல்லிப் பாரேன். சொல்லும்போது நானும் கூட வாரேன், அவரு முகத்தைப் பாக்கணும்.

அட, 45 லட்சமே நிஜம்னு வச்சுக்குவோம். எல்லாச் செலவும் போக மாசம் 50,000 கையில நிக்குதுங்கே. நல்லது. அதுல உனக்குச் சம்பளம் போட்டியா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அங்க உக்கார்றதுக்கு வேற ஒருத்தனை வச்சா 20,000 கேப்பான். மத்தியானம் நீ சாப்பிட்டுத் தூங்கும்போது கல்லாவுல எம் மக உக்கார்றாளே, அதுக்கு ஒரு 8,000. இது ரெண்டும் கடையோட லாபம் இல்ல, உங்க ரெண்டு பேரோட கூலி. வாடகை 3,500 குடுக்கே. அந்த வீதியில இன்னைக்குப் புதுசா வாரவனுக்கு 18,000. கட்டடக்காரர் உங்க அப்பா முகத்துக்காக ஏத்தாம இருக்காரு, வாங்குறவன் முகத்துக்கு ஏத்தத்தான் செய்வாரு. அந்த வித்தியாசம் 14,500. விரலை விட்டு எண்ணு. 50,000ல மூணையும் கழிச்சா மிச்சம் 7,500. இதுக்குத்தான் 40 லட்சம். அந்த 40 லட்சத்தை பேங்க்ல 6 வட்டிக்குப் போட்டுட்டு வேப்பமரத்தடியில படுத்துக் கெடந்தாலே மாசம் 20,000 வருமே! வண்டு தட்ட வேண்டாம், கிழவிகிட்ட வாய் குடுக்க வேண்டாம்.

வாடகைன்னதும் ஞாபகம் வருது. உங்க அப்பாவும் கட்டடக்காரரும் வாய் வார்த்தையில முடிச்சதுதான, ஒரு துண்டுத்தாளாவது இருக்கா? வாடகைக்கு 2017ல புதுச் சட்டம் போட்டு, 2019ல இருந்து நடப்புல இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதியணும். கட்டடக்காரர் எழுத்துல சம்மதிக்காம இன்னொருத்தருக்குக் கை மாத்த முடியாது. நீ பாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினப்புறம், அவரு "காலி பண்ணுங்க, எம் பேரன் ஜவுளிக்கடை வைக்கப் போறான்"னா என்ன செய்வே? அவரை முதல்ல பாரு. வெறுங்கையோட போகாதே, நல்ல பனங்கற்கண்டு கொண்டு போ. வண்டு இல்லாததா பாத்து.

மத்ததெல்லாம் ஆடிட்டர் வேலை. ஓடுற கடையை ஓடுற கடையாவே மொத்தமாக் கை மாத்தினா அந்தக் கைமாத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லையாம், பெட்டி பெட்டியாப் பிரிச்சு வித்தாத்தான் சரக்குக்கு உண்டாம். உன் ஜி.எஸ்.டி. நம்பரை நீ ரத்து பண்ணி, மூணு மாசத்துக்குள்ள கடைசி ரிட்டன் போட்டு முடிக்கணும். வாங்குறவங்க புதுசா எடுத்துக்கணும். விக்கிற லாபத்துக்கு வரி தனி. இதை எல்லாம் அவருகிட்டயே கேளு, எனக்கு மாட்டுச் சுழிதான் தெரியும்.

இன்னொண்ணும் காதுல விழுந்துச்சு. வித்த பணத்துல எதுத்த வரிசையிலயே 'ஆர்கானிக்' கடை போடப் போறியாம்லா. அபாரம்! பேரை 20 லட்சத்துக்கு வித்துட்டு, மறுநாளே அந்தப் பேருக்குப் பொறந்த பிள்ளை எதுத்தாப்புல கடை விரிக்கிறது. 1872ல வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டத்துல 27ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பொதுவா எவனையும் 'நீ தொழில் செய்யாதே'ன்னு எழுதி வாங்கினா செல்லாது. ஆனா கடைப் பேரையும் சேர்த்து விக்கிறவன்கிட்ட, இத்தனை தூரத்துக்குள்ள இதே தொழிலைச் செய்ய மாட்டேன்னு எழுதி வாங்கினா, அது நியாயமான அளவுல இருந்தாச் செல்லும். ஒன்றரை நூறு வருசத்துக்கு முன்னாடியே உன்னை மாதிரி ஒரு மருமகனைப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கான். வாங்குறவங்க அதைக் கேப்பாங்க, நீயும் போட்டுத்தான் குடுக்கணும்.

என்ன, முகம் கறுத்துட்டு? மோர் குடி. இவ்வளவு சொல்லுத மாமன் ஆளைக் காட்டாமலா போவேன்? ஆளு இருக்கு. உங்க பெரியவர் மக. பாளையங்கோட்டையில சித்த வைத்தியத்துல பி.எஸ்.எம்.எஸ். முடிச்சுட்டு வந்திருக்கிற பிள்ளை. பின் அறையில வைத்தியம் பாக்கணும், முன்னால கடை ஓடணும்னு ஆசைப்படுது. பேங்க்ல பேசி வச்சிருக்கு. 12 லட்சம் சொல்லுது. "என்னம்மா, பேருக்குன்னு ஒரு ரூபாய்கூடப் போடலியே"ன்னு கேட்டேன். "அது எங்க வீட்டுலதான தூங்குது தாத்தா"ன்னு சிரிக்கு.

அப்போ மாமன் இம்புட்டு நேரம் அந்தப் பக்கத்துக்குத்தான் விலையை அடிச்சாரான்னு முழிக்கே. தரகன்னா ரெண்டு பக்கமும்தான் இருப்பான், அதுல என்ன ஆச்சரியம்? அங்க போயி உன் கடையைப் பத்தி நான் பேசினதைக் கேட்டா நீயே அதை வாங்கியிருப்பே. பேசிப் பேசி 14க்கு ஏத்தி வச்சிருக்கேன். மாடிப்படிக்கு அடியில கெடக்குல்லா அந்தத் தகர போர்டு, அதைத் துடைச்சுக் குடுத்தா இன்னொரு லட்சம் கூடத் தாரேங்கு. பச்சை லைட்டை நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரணுமாம். இந்தா துண்டு, உள்ள கையை விடு. 40னு விரலைப் பிடிச்சேன்னா இப்பவே எந்திரிச்சுருவேன்.

தரகா? அந்தப் பக்கத்துத் தரகு நேத்தே ஜிபேயில வந்துட்டு. உங்கிட்ட எனக்குப் பணம் வேண்டாம். 2020ல அந்தக் கபசுரப் பொடி வாங்க எம் மக சங்கிலியைப் பேங்க்ல வச்சியே, விக்கிற அன்னைக்கே அதை மீட்டு அவ கழுத்துல போட்டுறணும். ரசீதை எங்க வச்சிருக்கே? அதுவும் அந்த 'ஓமம்' பெட்டியிலதானா?